ரைபிள் மேகசின் மாற்றுவதில் தாமதமா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மேகசின் (ரைபிளுக்குத் தோட்டா கொடுக்கும் பெட்டி) மாற்ற நாலு வினாடி ஆகிறது என்றால், அதில் கை உருப்படியாக நகரும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் கை எங்கோ ஓரிடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறது. இடுப்பு உறையில் சிக்கிய மேகசினை இழுக்கிறது, குழியின் விளிம்பில் முட்டுகிறது, விழாத பழைய மேகசினை உதறுகிறது. அந்த இடம் எது என்று தெரியாமல் பெரிய பட்டன், அகலமான வாய், விலை கூடிய உறை என்று வாங்கிப் போட்டால் காசு போகும், நேரம் அப்படியே இருக்கும். அதனால்தான் இங்கே பொருள்களை விட்டுவிட்டு அறிகுறிகளிலிருந்து தொடங்குகிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் ஏஆர்-15 வகை ரைபிளுக்கு, அதிலும் அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கி வகைகளால் சுடும் மல்டிகன் போட்டிகளில் ஓடிக்கொண்டே சுடுபவர்களுக்கு. .223 அல்லது 5.56 தோட்டா, 30 கொள்ளும் இரட்டை வரிசை மேகசின், வலக்கைப் பழக்கம். கலிபோர்னியா போல 10 தோட்டாவுக்கு மேல் அனுமதிக்காத இடங்களில் மாற்றும் தடவை கூடும், முறை மாறாது. இடக்கைக்காரர்களுக்குக் கை வரிசை வேறு, அதை இங்கே தொடவில்லை.

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறோம். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் அறை. அதை மூடித் திறப்பது போல்ட். போல்ட்டும் அதைச் சுமக்கும் பகுதியும் சேர்ந்தது போல்ட் தொகுதி. அதைக் கையால் பின்னே இழுக்கும் பிடி சார்ஜிங் ஹேண்டில். மேகசின் நுழையும் குழி மேக்வெல். அதன் வலப்பக்கம் ஆட்காட்டி விரல் எட்டும் இடத்தில் இருப்பது மேகசின் பட்டன். அந்தப் பட்டனோடு சேர்ந்த கொக்கி இடப்பக்கத்திலிருந்து மேகசினின் துளையில் மாட்டும். அதுதான் மேகசின் கேட்ச். இடப்பக்கம் மேலே இருக்கும் துடுப்பு போல்ட் கேட்ச். மேகசினுக்குள் தோட்டாக்களைத் தூக்கும் தட்டு ஃபாலோயர். மேலே தோட்டாவைப் பிடித்து வைக்கும் இரு மடிப்புகளும் உதடுகள்.

தொடங்கும் முன்

வீட்டில் பயிற்சி செய்யும்போது அந்த வீட்டு அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஆர்-15இன் சுடும் ஊசியைப் பின்னே பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி முன்னே வந்து பிரைமரில் (தோட்டாவின் அடியில், அடித்தால் தீப்பற்றும் பகுதி) ஒரு சிறு பள்ளம் போடும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ரைபிளின் அறையில் ஏற்றினால் அந்தப் பள்ளத்தின் மேலேயே மறுபடி அடி விழும், குண்டும் தோட்டாவின் உறைக்குள் அமுங்கத் தொடங்கும். டம்மி தோட்டா மட்டும்தான். குழல் நோக்கும் திசை தோட்டா ஊடுருவாத சுவராக இருக்க வேண்டும்.

மேகசின் மாற்றும்போது விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இத்தகைய போட்டிகளுக்கு விதி வகுக்கும் ஐபிஎஸ்சி (சர்வதேச அமைப்பு), யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க அமைப்பு) இரண்டின் விதிகளிலும் விரல் உள்ளே இருந்தால் தகுதி நீக்கம்தான். குழல் சுடுதிசையிலிருந்து 90 பாகை தாண்டினாலும் அதே கதிதான். வேகம் பழகுகிறவர்கள் போட்டியை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டால்.

நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்

சுடும் சத்தத்தைக் கேட்டு நேரம் குறிக்கும் ஷாட் டைமர் மொத்த நேரத்தைச் சொல்லும், எங்கே நின்றது என்று சொல்லாது. பல கைபேசிகளில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கும். இடப்பக்கமிருந்து, இடுப்பும் தோளும் சேர்ந்து தெரியும்படி ஐந்து மாற்றங்களைப் படம்பிடியுங்கள். 24 படம் நகர்ந்தால் 0.1 வினாடி. மாற்றத்தை ஐந்தாகப் பிரித்து எண்ணுங்கள்: கடைசிச் சுடுதலிலிருந்து பட்டன் அழுத்தும் வரை, பட்டனிலிருந்து இடக்கை புது மேகசினைப் பற்றும் வரை, பற்றியதிலிருந்து குழியின் வாயைத் தொடும் வரை, தொட்டதிலிருந்து பூட்டும் வரை, பூட்டியதிலிருந்து அடுத்த சுடுதல் வரை.

இடுப்புப் பட்டையிலிருந்து எடுத்து மாற்றும்போது, சுட்டதிலிருந்து சுடும் வரை புதியவருக்கு 4 வினாடி சாதாரணம். தொடர்ந்து போட்டிக்குப் போகிறவருக்கு 2.5. கைதேர்ந்தவர்கள் 2க்குக் கீழே வருவார்கள். ஐந்து தடவையும் ஒரே பகுதி நீண்டால் அது உங்கள் பழக்கத்தின் கோளாறு. ஒரு தடவை ஒரு பகுதி, இன்னொரு தடவை வேறு பகுதி என்று நீண்டால் மேகசினையோ ரைபிளையோ முதலில் சந்தேகப்படுங்கள்.

டிரிகரை இழுத்தால் சுடவில்லை, அப்போதுதான் காலி என்று தெரிகிறது

இங்கே காது நல்ல கருவி. டிரிகர் மந்தமாக உள்ளே போய், "டிக்" என்ற சத்தம் வரவில்லை என்றால் போல்ட் பின்னே திறந்து நிற்கிறது. மேகசின் காலி, உடனே மாற்றலாம். தெளிவாக "டிக்" கேட்டால் போல்ட் மூடியிருக்கிறது. அறையில் தோட்டா இல்லை, அல்லது இருந்தும் வெடிக்கவில்லை. அப்போது மேகசினை அடியில் தட்டி, சார்ஜிங் ஹேண்டிலை முழுக்க இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எதற்கெடுத்தாலும் மேகசினைக் கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. பூட்டாமல் நின்ற நிறைந்த மேகசினைத் தரையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள்.

மல்டிகனில் இந்த நிலைக்கு வராமல் இருப்பதே நல்லது. சுட வேண்டிய களத்தை முன்கூட்டிச் சுற்றிப் பார்க்கும்போதே எத்தனை இலக்கு, எங்கிருந்து எங்கே ஓட்டம் என்று எண்ணி, ஓடும் தூரத்தில் மாற்றத்தை வைத்துவிடுங்கள். நகர்ந்துகொண்டே மாற்றும்போது அந்த நேரம் தனியாகக் கணக்கில் ஏறாது. அறையில் ஒரு தோட்டா இருக்க, போல்ட் மூடிய நிலையில் மாற்றுவதால் போல்ட் கேட்சை அழுத்தும் வேலையும் மிச்சம். ஆனால் மூடிய போல்ட்டுக்கு அடியில் மேகசின் பூட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு, அது அடுத்து.

புது மேகசின் போட்டதும், ஒன்று சுட்டதும் கீழே விழுகிறது

தொண்ணூறு சதம் என்று எண் போட்டுச் சொல்ல மாட்டோம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: 30 முழுக்க நிரப்பிய மேகசினை மூடிய போல்ட்டின் கீழே போட்டிருக்கிறீர்கள். மேல் தோட்டா போல்ட் தொகுதியின் அடியில் முட்டுகிறது. கொக்கி துளைக்கு வர வேண்டுமானால் மொத்த அடுக்கும் இன்னும் சற்றுக் கீழே அமுங்க வேண்டும். பழைய அலுமினிய மேகசினில் 30 போட்டால் ஸ்பிரிங்கில் அந்த இடமே மிஞ்சாது. "பூட்டியதுபோல" ஓர் உணர்வு வரும், கொக்கி ஏறியிருக்காது, அறையில் இருந்த ஒரு தோட்டா மட்டும் சுடும், அந்த அதிர்விலேயே மேகசின் இறங்கிவிடும்.

சோதனை எளிது. நிரப்பிய மேகசினின் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரைத் தோட்டா அளவாவது கீழே போக வேண்டும். கல்போல நின்றால் இரண்டைக் கழற்றி 28 ஆக்குங்கள். பழைய ராணுவ வகை அலுமினிய மேகசின்களுக்கு 28 என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். மேக்புல் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை பிமேக் போன்றவை 30 நிரப்பியும் மூடிய போல்ட்டில் ஏறும். ஆனாலும் கை வலுவைக் கேட்கும்.

அடுத்து, உள்ளே தள்ளிய கையால் கீழே ஓர் இழுப்பு இழுங்கள். தள்ளு, இழு. இரண்டும் ஒரே அசைவாகப் பழகினால் 0.1 வினாடிகூட ஆகாது. போட்டி தொடங்கும் முன் முதல் மேகசினை ஏற்றும்போது இன்னொரு சோதனையும் உண்டு. மேல் தோட்டா வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்த்து வையுங்கள். போல்ட்டை விட்டு ஒன்றை ஏற்றியபின் மேகசினைக் கழற்றிப் பாருங்கள். மேல் தோட்டா மறுபக்கம் மாறியிருந்தால் அறையில் ஒன்று ஏறியிருக்கிறது. இருட்டில் விரலால் தடவியே இதைச் சொல்லிவிடலாம்.

எண்ணிக்கை சரி, இழுத்துப் பார்த்ததும் சரி, இருந்தும் விழுகிறது என்றால் மேகசின் கேட்ச் தளர்ந்திருக்கிறது. அது திருகில் நிற்கும் உறுப்பு, சரிசெய்யும் வரிசை இது:

1. ரைபிளைக் காலியாக்கி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசினை எடுத்துவிடுங்கள்.
2. வலப்பக்கப் பட்டனை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ ஆழமாக உள்ளே தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், கீறிவிடும். இடப்பக்கம் கொக்கி ரைபிள் உடலை விட்டு வெளியே எழும்பும்.
3. கடிகார திசையில் ஒரு முழுச் சுற்று திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் தளரும். கொக்கி தன் பள்ளத்துக்குள் திரும்ப உட்கார வேண்டும் என்பதால் முழுச் சுற்றுதான் கணக்கு. அரைச் சுற்றில் நிற்காது.
4. விட்டதும் பட்டனின் முகத்தைப் பாருங்கள். திருகின் நுனி பட்டன் முகத்தோடு சமமாக இருந்தால் சரி.
5. உங்களிடம் இருக்கும் மேகசின் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை போட்டு, இழுத்து, கழற்றிப் பாருங்கள்.

திருகு சமமாக இருந்தும் ஒரே ஒரு மேகசின் மட்டும் விழுகிறது என்றால் அதன் பக்கத்துத் துளையின் மேல்விளிம்பைப் பாருங்கள். பாலிமர் தேய்ந்து வளைந்திருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். கடைசியாக ஒன்று, அடிக்கடி நடப்பது: மேகசினை அடித்துப் பூட்டும்போது வலக்கை ஆட்காட்டி விரல் இன்னும் பட்டன் மேலேயே இருக்கும். பெரிய பட்டன் பொருத்தியவர்களுக்கு இது கூடுதல். படத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய மேகசின் தானாக விழவில்லை

எல்லா மேகசினையும் காலியாக, ஒவ்வொன்றாகப் போட்டு, ரைபிளை நேராக நிறுத்திப் பட்டனை அழுத்துங்கள். ஒன்று மட்டும் நின்றால் குற்றம் அந்த மேகசினில்: அலுமினியமானால் பக்கத்தில் நசுங்கல், பாலிமரானால் உடல் உப்பல், அல்லது ஒட்டிய மண். எல்லாமே நின்றால் ரைபிளில் பாருங்கள்: கேட்ச் மிகவும் இறுகிப் பட்டன் முழுத்தூரம் போகவில்லை, அல்லது குழியின் உட்புறம் ஒரு பிசிறு உரசுகிறது. உரசும் இடத்தை மேகசினின் பளபளத்த கோடு காட்டிக்கொடுக்கும்.

எல்லாமே மேசையில் விழுகின்றன, பயிற்சியில் மட்டும் விழவில்லை என்றால் சாய்மானம்தான் காரணம். புது மேகசினுக்காக ரைபிளைச் சாய்த்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துகிறீர்கள். சாய்ந்த குழியில் மேகசின் பக்கச்சுவரில் படுத்துக்கொள்ளும், எடை கீழே இழுக்காது. வரிசையை மாற்றுங்கள்: ரைபிள் நேராக இருக்கும்போதே பட்டன், அது இறங்கத் தொடங்கியதும் சாய்ப்பு. கை புது மேகசினுக்குப் போகும் பயணமும் பட்டன் அழுத்தும் கணமும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். பழையது விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் கால் வினாடியை அங்கேயே தொலைக்கிறார்கள்.

குழியின் விளிம்பில் முட்டுகிறது

எங்கள் அனுபவத்தில் மேகசின் மாற்றத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். சற்று நின்று பார்க்கலாம்.

புது மேகசினைப் பற்றும்போது ஆட்காட்டி விரல் மேகசினின் முன்முகம் நெடுக நீண்டு, நுனி மேல் தோட்டாவின் மூக்குக்கு அருகே இருக்க வேண்டும். மேகசினின் அடி உள்ளங்கையில் உட்கார வேண்டும். காரணம் உண்டு: கண்ணை மூடிக்கொண்டுகூட நாம் ஆட்காட்டி விரலால் ஓரிடத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டிவிடுவோம். மேகசினின் வாய் அந்த விரலோடு போனால் குழியின் வாய்க்குத் தானாகப் போகும். சோடா டப்பாவைப் பிடிப்பதுபோல நடுவில் பற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் வேகம் உண்டு. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. உறையில் எல்லா மேகசினும் ஒரே திசையில், தோட்டா மூக்குகள் முன்னோக்கி இருக்கட்டும். ஒன்று திரும்பியிருந்தால் கை மணிக்கட்டை முறுக்க வேண்டிவரும்.

ரைபிளை இடுப்புக்குத் தாழ்த்தாதீர்கள். ரைபிளின் பின்கட்டையைத் தோளிலேயே வைத்து, வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, குழல் சற்று மேலே, குழி இடக்கையை நோக்கிச் சாய்ந்தபடி. குழி முகத்துக்கு நேரே, இலக்கைப் பார்க்கும் அதே பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். மேகசின் கிட்டே வரும் கணத்தில் கண் குழியைப் பார்க்கட்டும். பார்க்காமல் செய்வது திறமை என்று நினைக்கிறவர்கள் உண்டு, தவறு. ஒரு பார்வைக்கு ஆகும் நேரம், ஒரு முட்டலுக்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

குழியின் வாய் முழுவதையும் பார்க்காமல், அதன் பின்சுவரைப் பாருங்கள். மேகசினின் முதுகு தட்டை, குழியின் பின்சுவரும் தட்டை. முதுகை அந்தச் சுவரில் ஒட்டிவிட்டு மேலே தள்ளினால் இரண்டு தட்டைகளும் ஒன்றுக்கொன்று தண்டவாளமாகிவிடும். முட்டுகிறவர்களின் படத்தை நிறுத்திப் பார்த்தால் மேகசினின் முன்மூலை முதலில் தொட்டிருக்கும்.

இவ்வளவும் செய்தபின்தான் விரிந்த வாய்க்குக் காசு செலவழிக்கலாம். உடலோடு சேர்ந்து விரிந்து வரும் கீழ்ப்பகுதியும் உண்டு, தனியாக மாட்டும் புனலும் உண்டு. சில மில்லிமீட்டர் பிசகை அது மன்னிக்கும், கோணப் பிசகை மன்னிக்காது. தனிப் புனல் வாங்கும் முன் உங்கள் மேகசின்களைப் போட்டுப் பாருங்கள். முதுகில் தடுப்பு மேடு உள்ளவை சில புனல்களில் முழுக்க ஏறாமல் நின்றுவிடும். இரண்டு மேகசினை இணைக்கும் கப்ளர் போட்ட மேகசினும் அப்படியே.

இரண்டு மூன்று அடி அடித்தால்தான் பூட்டுகிறது

மூடிய போல்ட்டும் 30 தோட்டாவும் மேலே சொன்னதுதான். அது இல்லை என்றால் அடியின் தன்மையைப் பாருங்கள். தூரத்திலிருந்து ஓங்கித் தட்டுவதைவிட, மேகசினை விடாமல் உள்ளங்கையின் அடிமேட்டால் ஒரே மூச்சில் தள்ளுவது சரியாக ஏறும். விட்டுவிட்டு அடித்தால் இடைவெளியில் மேகசின் சரிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. போல்ட் திறந்து நிற்கும்போது மேலே தடுக்க ஒன்றும் இல்லை. ஓங்கி அடித்தால் மேகசின் கொக்கியையும் தாண்டி மேலே போய், உதடுகள் போல்ட்டின் பாதையில் நின்றுவிடும், வெற்று உறையை வெளியே தள்ளும் எஜெக்டரில் இடிக்கும். பிமேக் மூன்றாம் தலைமுறையின் முதுகில் இருக்கும் மேடு இதைத் தடுக்கத்தான். அது இல்லாத மேகசினானால் திறந்த போல்ட்டுக்கு மிதமான தள்ளல் போதும்.

கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கவில்லை

மேகசினுக்கு எண் போடாதவர்கள் இந்தப் பிழையை வாரக்கணக்கில் துரத்துவார்கள். பெயின்ட் பேனாவால் அடித்தட்டில் 1, 2, 3 என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

காலி மேகசின் போட்டு, கையால் சார்ஜிங் ஹேண்டிலை முழுக்க இழுங்கள். ஒரு மேகசினில் மட்டும் நிற்கவில்லை என்றால் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபாலோயர் சாய்ந்து போல்ட் கேட்சைத் தூக்க மாட்டேன் என்கிறது. ஃபாலோயர் சாய்வது பழைய மேகசின்களின் நெடுநாள் நோய். 2009இல் அமெரிக்க ராணுவம் பழுப்பு நிறத்தில் சாயாத ஃபாலோயர் வைத்த மேகசினைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எந்த மேகசினிலும் கையால் இழுத்தும் நிற்கவில்லை என்றால் போல்ட் கேட்சின் ஸ்பிரிங், அதன் குறுமுளை, அடைந்த அழுக்கு, தேய்ந்த முனை இவற்றைப் பாருங்கள்.

கையால் இழுத்தால் நிற்கிறது, சுட்டால் நிற்கவில்லை: போல்ட் போதுமான தூரம் பின்னே போகவில்லை. சுடும் களத்தில் ஒவ்வொரு மேகசினிலும் ஒரே ஒரு தோட்டா போட்டு ஐந்து தடவை சுடுங்கள். சுட்ட தோட்டாவின் வெற்று உறை எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். குழல் நோக்கும் திசை 12 மணி என்று வைத்தால், 3 முதல் 4.30 வரை வழக்கமானது. 5 மணிப் பக்கம் தளர்ந்து விழுந்தால் போல்ட்டைப் பின்னே தள்ளும் வெடிவாயு போதவில்லை.

போட்டி ரைபிள்களில் இது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. உதைப்பைக் குறைக்க எடை குறைந்த போல்ட் தொகுதியும், வாயு வரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வாயுக் கட்டையும் போட்டு, வேலை செய்யும் கடைசி விளிம்புவரை வாயுவை அடைத்துவிடுவார்கள். சுத்தமான ரைபிளில், வெயில் நாளில் ஓடும். இருநூறு தோட்டாவுக்குப் பின் கரி ஏறியதும், அல்லது குளிர்காலைப் போட்டியிலும் போல்ட் நிற்காது. ஒற்றைத் தோட்டாவில் நிற்காமல் போகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு மூன்று கிளிக் திறந்து வையுங்கள். உதைப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

போல்ட்டைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வாயு வளையங்களையும் பாருங்கள். போல்ட்டை முன்னே இழுத்து நீட்டி, மொத்தத் தொகுதியையும் போல்ட் முகத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். தன் எடையில் தொகுதி சரிந்து இறங்கினால் மூன்று வளையங்களையும் மாற்ற வேண்டும். எடை குறைந்த தொகுதி தேய்ந்த வளையத்திலும் நின்றுவிடும், அங்கே இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

போல்ட்டை விட்டாலும் தோட்டா ஏறவில்லை

போல்ட் தோட்டாவின் மேலே வழுக்கிப் போய் மூடிக்கொண்டால் மேகசின் அரைகுறையாகத்தான் பூட்டியிருக்கிறது. தோட்டா மூக்குக் குத்தி நின்றாலோ, இரண்டு ஒன்றாக ஏறி மாட்டினாலோ உதடுகளைப் பாருங்கள். புது மேகசின் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒப்பிட்டால் விரிந்தது தெரியும். பாலிமரில் உதட்டின் பின்பக்க அடியில் முடிபோல விரிசல் ஓடும். கட்டைவிரலால் வெளியே மெல்ல விரித்தால் அது வாய் திறக்கும்.

சார்ஜிங் ஹேண்டிலைக் கையோடு கொண்டுபோய் மூடுகிறவர்களுக்கு போல்ட் முழுக்கப் பூட்டாமல் நிற்கும். முழுக்க இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். இன்னும் வேகம் வேண்டுமானால் மேகசினைத் தள்ளிய இடக்கை மேலே ஏறும் வழியிலேயே கட்டைவிரலால் போல்ட் கேட்சின் மேல்பகுதியை அழுத்திவிட்டுப் போகட்டும். அந்த வழியில்தான் அது இருக்கிறது.

வலக்கை ஆட்காட்டி விரலாலேயே போல்ட்டை விடுவதற்கு டிரிகர் வளையம்வரை நீளும் துடுப்புகள் கிடைக்கின்றன. நேரம் மிச்சம்தான். ஆனால் விரல் அங்கிருந்து டிரிகருக்கு ஒரு வழுக்கல் தூரம், அதோடு கேட்சின் எடை கூடுவதால் மேகசினை வேகமாக அடித்ததும் போல்ட் தானாகவே விட்டு மூடுவதும் உண்டு. பழக்கம் முற்றாதவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

உறையிலிருந்து வரவில்லை, ஓடும்போது விழுகிறது

இரண்டும் உறையின் இறுக்கத்தைச் சரிசெய்யும் ஒரே திருகின் இரு முனைகள். 30 நிறைந்த பாலிமர் மேகசின் சுமார் அரைக் கிலோ. காலி மேகசினை வைத்து இறுக்கம் சரிசெய்தால் போட்டியில் ஏமாற்றும். டம்மி நிரப்பியோ, அதே எடைக்கு மணல் பொட்டலம் வைத்தோ சோதியுங்கள். உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறினால் விழக் கூடாது. இடுப்பில் கட்டிக்கொண்டு இரு விரலால் இழுத்தால் வர வேண்டும். திருகைக் கால் சுற்றாகத்தான் நகர்த்த வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

மேகசினின் அடியில் மாட்டும் ரப்பர் வளையம் பற்றி: மேக்புல் 1999இல் தொடங்கியது அதை விற்றுத்தான், நிறுவனத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. மூடியும் ஆழமும் உள்ள ராணுவப் பையிலிருந்து இழுக்க அது அருமையான பொருள். வாய் திறந்த போட்டி உறையில் மேகசினின் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது. அங்கே வளையத்துக்கு வேலை இல்லை, விரல்தான் சிக்கும்.

கப்ளர் போட்டும் வேகம் வரவில்லை

இரண்டு மேகசினைப் பக்கம் பக்கமாக இணைத்தால் இடுப்புவரை போகும் பயணம் மிச்சமாகிறது. விலையாகத் தருவது ரைபிளில் அரைக் கிலோ கூடுதல் எடை. நிமிர்த்திய ரைபிள் ஒரு பக்கம் சாயும். இணைக்கும்போது இடைவெளி குறைந்தால் இரண்டாவது மேகசின் போல்ட் கேட்சையோ, வெற்று உறை வெளியேறும் வாயையோ மறைக்கும். இரண்டு நிலையிலும் போட்டுச் சோதியுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத கோளாறு ஒன்று: வெளியே காத்திருக்கும் மேகசினில், முதல் மேகசினைச் சுடும் உதைப்பிலேயே மேல் தோட்டா கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். மூக்கு விளிம்பைத் தாண்டியிருந்தால் குழிக்குள் போகாது. மாற்றும் வழியில் கட்டைவிரலால் ஒருமுறை பின்னே தள்ளப் பழகுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்று டேப் சுற்றுவதை விட்டுவிடுங்கள். படுத்துச் சுடும்போது கீழ் உதடு நேரே மண்ணைத் தின்னும்.

வீட்டில் இரண்டரை, போட்டியில் நாலு

வீட்டில் நின்ற இடத்தில், காலி மேகசினோடு, எப்போது மாற்றப்போகிறோம் என்று தெரிந்தே செய்கிறீர்கள். மூன்றையும் மாற்றுங்கள். எடையுள்ள மேகசின், போட்டியில் கட்டும் அதே பட்டை, நாலைந்து அடி நடந்துகொண்டே மாற்றம். டைமரின் பார் நேரத்தை (மாற்றம் முடிய வேண்டிய கெடுவாக அது மறுபடி ஒலிக்கும் நேரம்) இப்போது நிதானமாக எட்டும் அளவுக்கு வைத்து, பத்தில் எட்டு சுத்தமாக வந்ததும் 0.1 வினாடி குறையுங்கள். முட்டல் ஒன்று வந்தாலும் அது கணக்கில் தவறுதான். ஒரு நாளைக்கு இருபது மாற்றம் போதும். நூறு செய்தால் கடைசி எண்பதில் களைத்த கையின் தவறுகள் படிந்துவிடும்.

மேகசின்களைப் போட்டியன்று மாலையே பிரித்து, உலர்ந்த துணியால் துடைத்து மூடுங்கள். உள்ளே எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டும். நிரப்பி வைத்திருப்பதால் ஸ்பிரிங் அவ்வளவு கெடாது. நிரப்பிக் காலியாக்கும் சுழற்சிதான் அதைத் தேய்க்கும். ஒரு நோட்டில் எண் வாரியாகக் குறித்து வையுங்கள். ஒரே எண் இரண்டாம் தடவை தகராறு செய்தால் அடித்தட்டில் சிவப்பு டேப் ஒட்டி, அதை வீட்டுப் பயிற்சிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.